சாப்பாட்டு மேசையில் டைட்டானிக்

லெகோ நிறுவனம் 2021 நவம்பரில் வெளியிட்ட டைட்டானிக் செட்டில் மொத்தம் 9,090 துண்டுகள். கட்டி முடித்தால் 135 சென்டிமீட்டர் நீளம், 44 சென்டிமீட்டர் உயரம். அசல் கப்பல் 269 மீட்டர் நீளம் என்பதால், இது இருநூறில் ஒரு பங்கு. அமெரிக்காவில் சில்லறை விலை சுமார் 680 டாலர். இங்கே வரவழைப்பவர்கள் வரியும் போக்குவரத்தும் சேர்த்து அதற்கு மேலேயே கொடுக்க வேண்டிவரும். இவ்வளவு பணத்தைப் போட்டு, வீட்டின் பெரிய மேசையை வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டு கட்டுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நிறைய இருக்கிறது, ஆனால் அவசரமில்லாமல் கட்டுபவர்களுக்குத்தான். ஒரு நீண்ட விடுமுறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று இறங்குபவர்களுக்கு இதன் சிறந்த பகுதிகள் கண்ணில் படாமலே போய்விடும்.

காரணம் எளிது. இந்தக் கப்பலின் மிக அழகான வேலையெல்லாம் உள்ளே இருக்கிறது. கட்டும்போது மட்டும்தான் அதை முழுசாகப் பார்க்க முடியும்.

செட்டை வடிவமைத்தவர்கள் கப்பலை முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டிப் புத்தகங்களும் மூன்று. மூன்று பகுதிகளும் தனித்தனியாக நிற்கும். சேர்த்து வைத்தால் ஒரே கப்பல், இழுத்தால் மறுபடி பிரியும். வீட்டில் வைத்துக் கட்டுபவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஒரு பகுதி ஏறக்குறைய முக்கால் கை நீளம். முடிந்ததும் அதைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டு, மேசையை வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்த பகுதியை எப்போது வசதிப்படுகிறதோ அப்போது தொடங்கலாம். நான் மழைக்காலத்தில் முன்பகுதியைத் தொடங்கி, பள்ளித் தேர்வுகள், ஊர்ப் பயணம், பொங்கல் எல்லாவற்றுக்கும் வழிவிட்டு, கோடை தொடங்கும் வேளையில் பின்பகுதிக்கு வந்தேன். இடைவெளி விட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. மறுபடி உட்காரும்போதெல்லாம் புதுச் செட்டைப் பிரித்த சந்தோஷம்தான் கிடைத்தது.

துண்டுகள் எண்ணிட்ட பைகளில் வருகின்றன. ஒரு சமயத்தில் ஒரு எண்ணை மட்டும் பிரிப்பது இந்த வேலையின் முதல் ஒழுக்கம். பையைக் கொட்டியதும் நேரே கட்ட ஆரம்பிக்காமல், நிறத்தையும் வகையையும் பார்த்துப் பிரித்துத் தட்டுகளில் போட்டுவிட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை இது; கை பழகியபின் மனம் வேறு எங்கோ போய்விட்டு வரும். பெரிய துண்டுகளைத் தனியே பிரிக்கத் தேவையில்லை, கண்ணுக்கே தெரியும். பொடித் துண்டுகளுக்குத்தான் தனிக் கிண்ணம் வேண்டும். மிகச் சிறிய துண்டுகளில் ஒன்றிரண்டு கூடுதலாகவே மிஞ்சும். பைகளைத் தொழிற்சாலையில் எடை போட்டுச் சரிபார்க்கிறார்கள்; பொடித் துண்டு ஒன்று குறைந்தால் எடையில் தெரியாது என்பதால் முன்கூட்டியே உபரி போட்டுவிடுகிறார்கள். கடைசியில் கிண்ணத்தில் மிச்சம் கிடப்பதைப் பார்த்து எங்கோ விட்டுவிட்டோம் என்று பயப்பட வேண்டியதில்லை.

பாதியில் எழுந்திருக்க வேண்டி வந்தால் ஒரு பையின் முடிவில் எழுந்திருப்பது நல்லது. அது முடியாதபோது, அந்தப் பையின் மிச்சத் துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போட்டு, எந்தப் படியில் நிறுத்தினோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். புத்தகத்தில் அடையாளம் வைத்தால் மட்டும் போதாது. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று படிகள் இருக்கும். ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது அதில் எது முடிந்தது என்று நினைவிருக்காது.

கண்ணுக்குச் சிரமம் தருவது ஒன்றே ஒன்று. கப்பலின் மேனி பெரும்பகுதி கருப்பு. கருப்பின் மேல் கருப்புத் துண்டு எங்கே உட்காருகிறது என்பதைத் தாளில் பார்த்துக் கண்டுபிடிப்பது, அதுவும் இரவில் குழல்விளக்கு வெளிச்சத்தில், எளிதல்ல. லெகோ இந்த வழிகாட்டிகளை பி.டி.எஃப். கோப்பாக இலவசமாக இணையத்தில் தருகிறது. அதை டேப்லெட்டில் திறந்து, துண்டுகளின் மேலுள்ள குமிழ்களை எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டால் இந்தச் சிரமம் பாதியாகக் குறைகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதை முதல் நாளிலிருந்தே செய்துவிடலாம். பக்கவாட்டிலிருந்து விழும் மேசை விளக்கும் உதவும். குமிழ்களின் நிழல் விழுந்தால் கருப்பிலும் வரிசை தெரியும்.

இனி இந்தச் செட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். லெகோ கட்டையில் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். பிளேட் எனப்படும் மெல்லிய தகடு அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மில்லிமீட்டர். இப்போது ஐந்து தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள்: 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழ்களின் அகலமும் அதே 16 மில்லிமீட்டர்தான். அதாவது, ஐந்து தகடுகளின் அடுக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் இரண்டு குமிழ் இடத்தில் முடியளவு இடைவெளியும் இல்லாமல் உட்காரும். கட்டைகளைக் கீழிருந்து மேலாக அடுக்கத்தான் முடியும் என்ற எல்லை இந்தக் கணக்கால் உடைகிறது.

டைட்டானிக்கின் மேனி முழுக்க இந்தக் கணக்கில் நிற்கிறது. உட்கூட்டில் பக்கவாட்டைப் பார்த்த குமிழ்கள் இருக்கின்றன. வெளிப்பலகைகளைத் தனியே மேசையில் படுக்கவைத்துக் கட்டி, கடைசியில் எடுத்து அந்தக் குமிழ்களில் பொருத்த வேண்டும். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே போனால், ஒவ்வொரு குமிழாக ‘டிக், டிக்’ என்று இறங்கும் சத்தம் கேட்கும். சத்தம் ஒரே சீராக வந்தால் பலகை நேராக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மந்தமாகக் கேட்டால் அங்கே ஏதோ தூக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று பலகைகளுக்குப் பிறகு, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது.

135 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 168 குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும், கப்பலின் மறுமுனைக்கு வருவதற்குள் பிசகு 17 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரண்டு குமிழ் அகலத்துக்கும் அதிகம். மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று சேரவே சேராது. ஆனால் மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் கட்டிய பகுதிகள் சேரும் இடத்தில் நகம் நுழையவில்லை. டென்மார்க்கின் பில்லுண்டில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய பொம்மைப் பட்டறை, 1958 ஜனவரியில் கட்டையின் அடியில் குழாய் வைத்து இறுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 1963-லிருந்து ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அன்றைய கட்டையும் இன்றைய கட்டையும் இன்னும் பொருந்துகின்றன. கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு இந்தத் துல்லியத்துக்குத்தான் போகிறது என்று நான் நினைக்கிறேன். அந்தக் காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆனதால், இதே அளவில் கட்டைகளை இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம், பலர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் கைக்குள் அடங்கும் காரில் தெரியாத பிசகு, இந்த நீளத்தில் வெளியே தெரிந்துவிடும். பெரிய மாடலுக்குப் பெயரில்லாத மலிவு நகலை வாங்க நான் சொல்ல மாட்டேன்.

உள்ளறைகளுக்கு வருவோம். பகுதிகளைப் பிரித்தால், கப்பலைக் குறுக்கே அறுத்துப் பார்த்தது போல அடுக்கு அடுக்காகத் தளங்கள் தெரிகின்றன. ஆறு தளங்களுக்கு இறங்கும் முதல் வகுப்பின் பெரிய படிக்கட்டு இருக்கிறது. உணவுக் கூடம் இருக்கிறது. வெவ்வேறு வகுப்புப் பயணிகளின் புகைக்கும் அறைகள், அடியில் கொதிகலன் அறை. எல்லாம் விரல் நுனி அளவு. நாற்காலி என்றால் ஒரே ஒரு துண்டு, விளக்கு என்றால் ஒரே ஒரு குமிழ். ஆனாலும் மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் இருந்த தூரம் கட்டும் கைக்குத் தெரிகிறது. கொதிகலன் அறையைக் கட்டும்போது அசல் கப்பலில் 29 கொதிகலன்கள் இருந்தன, நாளுக்குச் சுமார் 600 டன் நிலக்கரியை மனிதக் கைகள் அள்ளிப் போட்டன என்பதை நினைத்துக்கொண்டால், அதற்கு மேலே வரும் உணவுக் கூடத்தைப் பார்க்கும் பார்வையே வேறாகிறது.

நெடுக்கே கட்டிக்கொண்டு போகும்போது இன்னொன்றும் புரியும். அசல் கப்பலில் 15 தடுப்புச் சுவர்கள், அவற்றுக்கிடையே 16 அறைகள். முன்னாலுள்ள நான்கு அறைகள் நிறைந்தாலும் மிதக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பனிப்பாறை அதற்கு மேலும் திறந்துவிட்டது. தடுப்புச் சுவர்கள் மேல்தளம் வரை போகாமல் பாதி உயரத்தில் நின்றதால், முன்பக்கம் தாழத் தாழ ஓர் அறையிலிருந்து வழிந்த நீர் அடுத்த அறைக்குப் போனது. படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்தான். ஆனால் தளங்களை ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கி, பக்கவாட்டிலிருந்து பார்த்தபோதுதான், சுவரை இரண்டு தளம் உயர்த்துவது என்றால் எத்தனை கூடங்களையும் நடைபாதைகளையும் மறித்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

பின்பகுதியில் என்ஜின் இருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் உள்ளே பிஸ்டன்கள் ஏறி இறங்கும். இதை முதலில் கண்டுபிடித்தது என் மகள்.

“அப்பா, இங்க பாருங்க, ப்ரொப்பெல்லரச் சுத்தினா உள்ள ஏதோ குதிக்குது!”

“நிஜக் கப்பல்ல அந்தக் குதிக்கிறதுதாம்மா ப்ரொப்பெல்லரச் சுத்தும்.”

“அப்ப மூணும் அப்படியேவா சுத்தும்?”

நல்ல கேள்வி. ஓரத்திலுள்ள இரண்டு ப்ரொப்பெல்லர்களை மட்டுமே பிஸ்டன் என்ஜின்கள் சுழற்றின. அந்த என்ஜின்கள் பயன்படுத்தி முடித்த நீராவியை வீணாக்காமல் ஒரு பார்சன்ஸ் டர்பைனுக்கு அனுப்பி, நடு ப்ரொப்பெல்லரைச் சுழற்றினார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் டர்பைன் எங்கே என்று கப்பலுக்குள் தேட ஆரம்பித்துவிட்டாள். ஒரு பொம்மை ஒரு பதின்வயதுப் பெண்ணை நீராவி எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்க வைக்கிறது என்றால், அதன் விலையைப் பற்றிய என் தயக்கத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

அலுப்பூட்டும் இடங்களும் உண்டு. வெளிப்பலகைகளும் சன்னல் வரிசைகளும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கின்றன. இடதுபக்கம் கட்டியதை வலதுபக்கத்துக்குக் கண்ணாடி பிம்பமாக மறுபடி கட்ட வேண்டும். அசல் கப்பலே அப்படித்தான் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், ஆனால் தனியாளாகக் கட்டுபவர்கள் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இந்த இடம்தான் பங்கு போடச் சரியான இடம். ஒருவர் இடதுபக்கம், இன்னொருவர் வலதுபக்கம், எதிரெதிரே உட்கார்ந்து ஒரே படியில் சேர்ந்து நகரலாம். ஒருவர் செய்வது மற்றவருக்குச் சரிபார்ப்பாகிவிடும். ஒரு மாலைக்கு ஒரு பலகை என்று வைத்துக்கொண்டால் அலுப்புத் தட்டுவதில்லை. அடுத்தடுத்து நான்கைந்து பலகை கட்ட உட்கார்ந்தால் கை ஓயும், கவனமும் ஓயும்.

நான்கு புகைபோக்கிகளையும் மகளிடம் விட்டுவிட்டேன். நான்காவதில் கொதிகலன் புகை வராது, அது பெரும்பாலும் காற்றோட்டத்துக்காக இருந்தது என்று சொன்னதும், அதைத்தான் முதலில் கட்டினாள்.

படகுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மேல்தளத்தில் உயிர்காப்புப் படகுகளை வைக்கும் வேலை மிகச் சிறியது. ஆனால் இந்தச் செட் முழுவதிலும் கை தயங்கும் இடம் அதுதான். அசல் கப்பலில் 20 படகுகள், 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்கள் 2,200-க்கும் மேல். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். படகுகள் முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம் என்று இருந்தன. நடுவில் மேல்தளம் உலாவுவதற்காகத் திறந்து கிடந்தது. இருநூறில் ஒரு பங்கு அளவில் அந்தத் தளத்தைப் பார்க்கும்போது எவ்வளவு இடம் இருந்தது என்பது தெரிகிறது. பேரழிவைப் பொம்மையாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாடல் காட்டுவது மூழ்கும் கப்பலை அல்ல; பெல்ஃபாஸ்ட்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கட்டிய கப்பலை. அந்த உழைப்பை நினைவில் வைக்க இது மரியாதையான வழி என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாகக் கொடிமரங்களும் அவற்றுக்கிடையே கட்டும் நூல்களும். நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கிறது. நங்கூரத்தையும் ஏற்றி இறக்கலாம். நூல் கட்டியபின் கப்பலை அடிக்கடி பிரித்துக் காட்டுவது வசதியாக இருக்காது. ஆகவே உள்ளறைகளை உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் காட்ட விரும்பினால், நூல் கட்டும் படியை மட்டும் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த வாரங்களில்தான் இந்தக் கப்பலை அதிகம் பேர் அதிக நேரம் பார்த்தார்கள்.

நம் ஊர் வீடுகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது வெயில். சன்னலோரம் வைத்தால் வெள்ளைத் துண்டுகள் நாளடைவில் மஞ்சளாகும். மேல்தளங்கள் பூராவும் வெள்ளை என்பதால் இதில் அது உடனே கண்ணில் படும். இரண்டாவது தூசி. மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் நூலிலும் கைப்பிடிக் கம்பிகளிலும் தூசி படிந்து, துடைக்க முடியாமல் போகும். வாட்டர்கலர் தீட்டும் மெல்லிய தூரிகை கொண்டு வாரம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். கழுவ நேர்ந்தால் 40 டிகிரிக்கு மேல் சூடான நீர் கூடாது என்பது லெகோவின் அறிவுரை. கண்ணாடிப் பெட்டி செய்ய வசதி உள்ளவர்கள் செய்துவிடுவது உத்தமம்.

இதே நிறுவனத்தின் ஈஃபில் கோபுரம் 2022 நவம்பரில் வந்தது: 10,001 துண்டுகள், 149 சென்டிமீட்டர் உயரம். அதில் ஒரே மாதிரியான இரும்புச் சட்டங்களைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கண்டுபிடிக்க அறைகள் இல்லை. எனக்கு அது டைட்டானிக்குக்கு ஈடாகாது. 5,923 துண்டுகள் கொண்ட தாஜ்மகால் 2017-ல் மறுபதிப்பாக வந்தது. அதுவும் பகுதி பகுதியாகக் கட்டக்கூடியதுதான், மேசையில் அடங்கும். முதன்முதலாகப் பெரிய செட் கட்டுபவர்கள், எங்கேயாவது நியாயமான விலையில் கிடைத்தால், அதில் தொடங்குவது நல்லது. டைட்டானிக்கின் பெட்டியில் 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளால் கட்ட முடியும், ஆனால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால்தான் கடைசிவரை போகும்.

வாங்குவதாக முடிவு செய்தால், பணம் கட்டுவதற்கு முன் இடத்தை அளந்துவிடுங்கள். 140 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் ஆழம், மேலே 50 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள ஒரு பலகை வேண்டும், நடுவில் தொய்யாத பலகை. அப்படி ஒன்று இல்லாதவர்கள் தச்சரைக் கூப்பிட்டு முதலில் பலகையை அடித்துவிட்டுப் பிறகு செட்டை ஆர்டர் செய்யலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம். வீடு மாறும்போது நூலை அவிழ்த்து, மூன்று பகுதிகளையும் தனித்தனியே பழைய போர்வையில் சுற்றி எடுத்துப் போகலாம். கொடிமரங்களும் புகைபோக்கிகளும் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.